‘இன்ஜின் கோளாறு’ செய்திக்குள் ஒளிந்திருக்கும் ரப்பர் சக்கரம்... படகுகள் நடுக்கடலில் நிற்பது ஏன்?

‘இன்ஜின் கோளாறு: நடுக்கடலில் தத்தளித்த மீனவர்கள் மீட்பு.’

இப்படி ஒரு நோட்டிஃபிகேஷன் உங்கள் மொபைலுக்கு வந்திருக்கும். ‘அப்பாடா, மீட்டுட்டாங்க’ என்று விரலால் தள்ளிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்பீர்கள். சில நாள்களில் இதே செய்தி வேறு மாதிரி முடியும்: ‘எல்லை தாண்டியதாகக் கைது.’ இன்னும் சில நாள்களில் முடிவே வராது, தேடுதல் மட்டும் தொடரும்.

மூன்றுக்கும் தொடக்கம் ஒன்றுதான், ‘இன்ஜின் கோளாறு’ என்ற இரண்டு வார்த்தை. ஆனால் அது என்ன கோளாறு என்று செய்தி சொல்வதில்லை. டீசலில் தண்ணீர் கலந்திருக்கலாம். ப்ரொப்பல்லரில் வலை சுற்றியிருக்கலாம். கியர் பாக்ஸ் போயிருக்கலாம். இவற்றில் சிலவற்றை முன்கூட்டியே கண்டுபிடிப்பது கஷ்டம், சிலவற்றைச் சரிசெய்ய லட்சக்கணக்கில் செலவாகும். இந்த வரிசையில் ஒன்று மட்டும் தனித்து நிற்கிறது. சின்னது, மலிவானது, போகப்போகிறது என்று முன்னாலேயே காட்டிக்கொடுப்பது. அதுதான் இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீர் பம்ப். குறிப்பாக, அதற்குள் சுழலும் ‘இம்பெல்லர்’ என்ற ரப்பர் சக்கரம்.

மீனவர் பாதுகாப்பு என்றால் சாட்டிலைட் போன், டிரான்ஸ்பாண்டர், ஜிபிஎஸ் என்று பேசுகிறது அரசு. எல்லாமே தேவைதான். ஆனால், இவை எல்லாம் படகு நின்ற பிறகு உதவுபவை. படகு நிற்காமல் இருக்க உதவும் பொருளை மட்டும் ஒரு பாதுகாப்புக் கருவியாக யாரும் எண்ணுவதில்லை. அது ‘ஸ்பேர் பார்ட்ஸ்’ கணக்கில் போய்விடுகிறது. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

சுத்தியும் தண்ணி... உள்ளே தண்ணி இல்ல!

ஒரு டீசல் இன்ஜின் குடிக்கும் எரிபொருளின் சக்தியில் தோராயமாக மூன்றில் ஒரு பங்குதான் படகை நகர்த்துகிறது. இன்னொரு பங்கு புகையோடு போய்விடுகிறது. மிச்சமுள்ளதில் பெரும்பகுதி வெப்பமாக இன்ஜினின் உடம்பிலேயே தங்குகிறது. அதை யாராவது வெளியே எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். பைக் என்றால் ஓடும்போது காற்று அடிக்கிறது. கார் என்றால் ரேடியேட்டர், ஃபேன். விசைப்படகின் இன்ஜினோ அடித்தளத்தில், மூடிய அறைக்குள் இருக்கிறது. அங்கே காற்றை நம்ப முடியாது. அதனால் கடலையே ரேடியேட்டராகப் பயன்படுத்துகிறார்கள்.

விசைப்படகு இன்ஜின்கள் பலவற்றில் இரண்டு சுற்று இருக்கும். உள்சுற்றில் நல்ல தண்ணீரோ கூலன்ட்டோ ஓடி, இன்ஜினின் சூட்டை வாங்கிக்கொள்ளும். வெளிச்சுற்றில் கடல்நீர் வந்து, ‘ஹீட் எக்ஸ்சேஞ்சர்’ என்ற குழாய்க் கூட்டில் அந்தச் சூட்டைத் தான் வாங்கிக்கொண்டு கடலுக்கே திரும்பிப் போகும். இரண்டு தண்ணீரும் கலக்காது. சூடு மட்டும் கைமாறும். ஃபைபர் படகின் பின்னால் மாட்டும் அவுட்போர்டு மோட்டாரில் இந்த இரட்டைச் சுற்று கிடையாது. கடல்நீரே நேராக இன்ஜினுக்குள் போய்விட்டு வெளியே வரும்.

(காற்றால் குளிரும் சின்ன டீசல் இன்ஜின்களும், படகின் அடியில் குழாய் ஓட்டி கூலன்ட்டைக் குளிர்விக்கும் படகுகளும் உண்டு. அவர்களுக்கு இந்தத் தலைவலி கிடையாது, வேறு தலைவலிகள் உண்டு.)

கடல்நீரை உள்ளே இழுக்கும் பம்ப் ரொம்ப எளிமையானது. பள்ளிக்கூடத்தில் பேனாவுக்கு மை போட இங்க் ஃபில்லர் வைத்திருந்தீர்களே, ஞாபகம் இருக்கிறதா? அமுக்கிவிட்டு விட்டால் மையை இழுக்குமே, அதே வித்தைதான். இம்பெல்லரில் பூவிதழ் மாதிரி ரப்பர் இறக்கைகள் இருக்கும். அது சுழலும் வட்டமான கூட்டின் ஒரு பக்கம் மட்டும் உள்நோக்கிப் புடைத்திருக்கும். இறக்கை அந்த மேட்டைத் தொடும்போது மடங்கும், தாண்டியதும் நிமிரும். நிமிரும்போது இடம் அகலமாகி தண்ணீரை உறிஞ்சும், மறுபடி மடங்கும்போது தள்ளும். நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கான முறை, மணிக்கணக்காக, நாள்கணக்காக இதே வேலை.

இதில் ஒரே ஒரு நிபந்தனை உண்டு. உள்ளே தண்ணீர் இருக்க வேண்டும். அந்தத் தண்ணீர்தான் ரப்பருக்கு எண்ணெய் மாதிரி. அது இல்லாமல் சுழன்றால் ரப்பர் உலோகத்தில் உரசி, சூடாகி, கருகி, கிழியும். அதற்கு ஒரு நிமிடம்கூடத் தேவைப்படாது.

அதனால்தான், கரையில் நிற்கும் படகில் ‘ஸ்டார்ட் ஆகுதான்னு மட்டும் பாத்துடுவோம்’ என்று கயிறை இழுத்து, வெறுமனே ஓடவிடும் அந்தச் சில விநாடிகள் ஆபத்தானவை. இன்ஜின் அழகாக ஸ்டார்ட் ஆகும், எல்லோருக்கும் திருப்தி. ஆனால் உள்ளே இறக்கையின் நுனி கருகியிருக்கும். அது தெரியவரும் இடம் கரை கிடையாது.

அந்த ‘தெரியல’ தான் பிரச்சினை

தண்ணீர் ஓடுகிறதா என்று பார்க்க பெரிய கருவி எதுவும் வேண்டாம். அவுட்போர்டு மோட்டாரின் பின்பக்கம் ஒரு சின்னத் துளை வழியாக நீர்த்தாரை பீய்ச்சிக்கொண்டே இருக்கும். விசைப்படகில் பக்கவாட்டிலோ, புகைக்குழாய் வழியாகப் புகையோடு சேர்ந்தோ கடல்நீர் கொட்டும். அது கொட்டும் வரைக்கும் நிம்மதி.

ஆனால் வலை இறக்கி, இழுத்து, மீனைப் பிரித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் அதை யார் பார்த்துக்கொண்டிருப்பார்கள்? ஒரு படகில் பேச்சு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

“அண்ணே, தண்ணி வரல.”

“எப்ப இருந்துடா?”

“தெரியலண்ணே.”

இந்த ‘தெரியல’ எவ்வளவு நேரம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. இரண்டு நிமிடம் என்றால் ஒரு ரப்பர் சக்கரத்தோடு முடியும். இருபது நிமிடம் என்றால் ஹெட் கேஸ்கட் போகும், சிலிண்டர் ஹெட் வளையும், கடைசியில் பிஸ்டன் இறுகி இன்ஜின் ஜாம் ஆகும். அதற்குப் பிறகு கையில் புது இம்பெல்லர் பத்து இருந்தாலும் பிரயோஜனம் இல்லை. டெம்பரேச்சர் மீட்டரும் எச்சரிக்கை பஸ்ஸரும் வேலை செய்கிற படகில் இந்த ‘தெரியல’ வராது. அவை வேலை செய்யாத படகில் டிரைவரின் காதுதான் மீட்டர். புகையோடு தண்ணீர் வெளியேறும் படகுகளில், தண்ணீர் நின்றதும் சத்தம் மாறும். ‘களக் களக்’ என்ற ஈரச் சத்தம் போய், வறண்ட, உரத்த சத்தம் வரும். அனுபவசாலிகள் தூக்கத்திலும் அதைக் கேட்டு எழுந்துவிடுவார்கள். அனுபவசாலி எல்லாப் படகிலும் இருப்பதில்லை.

எங்கிருந்து தேட ஆரம்பிப்பது?

தண்ணீர் வரவில்லை என்றதும் பம்பைக் கழற்றக் கை பரபரக்கும். ஆனால் குற்றவாளி எப்போதும் பம்ப் இல்லை. தண்ணீர் வரும் பாதையில் வெளியிலிருந்து உள்ளே போவதுதான் சரி.

முதலில் வேகத்தைக் குறைத்து, கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவர வேண்டும். தண்ணீர் கொஞ்சமாவது வந்தால் இன்ஜினை மெதுவாக ஓடவிட்டு ஆறவைக்கலாம். சுத்தமாக வரவில்லை என்றால் உடனே நிறுத்த வேண்டும். சூடாக இருக்கும் கூலன்ட் மூடியைத் திறக்கவே கூடாது. முகத்தில் கொதிநீர் அடிக்கும்.

அவுட்போர்டு என்றால் மோட்டாரைத் தூக்கி, அடிப்பகுதியில் உள்ள சல்லடையைப் பார்த்தாலே பாதி நேரம் விஷயம் முடிந்துவிடும். அங்கே ஒட்டிக்கொண்டிருப்பது பெரும்பாலும் நம் ஊர் கேரி பேக்! மளிகைக் கடையில் இருந்து கிளம்பி, கால்வாய், ஆறு, முகத்துவாரம் என்று பயணித்துக் கடலுக்கு வந்த அதே பை. பாசி, அறுந்த நரம்பு வலை, சொறி மீன் எல்லாமும் வந்து ஒட்டும். நீர்த்தாரை வரும் சின்னத் துளையே உப்பால் அடைத்திருக்கவும் வாய்ப்புண்டு. ஒரு மெல்லிய கம்பியை விட்டுக் குத்தினால், தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வரும். பம்ப் நன்றாகத்தான் இருந்திருக்கும்.

விசைப்படகில் அடிமட்ட வால்வு மூடியிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். கேட்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் சர்வீஸ் முடித்து மூடியதைத் திறக்க மறப்பது உலகம் முழுக்க நடப்பதுதான். அடுத்து ஸ்ட்ரெய்னர் கூடை. அதற்குள் குப்பை இல்லை என்றாலும் அதன் மூடியில் உள்ள ரப்பர் வளையம் காய்ந்திருந்தால், பம்ப் தண்ணீருக்குப் பதில் காற்றை உறிஞ்சும். விரிசல் விட்ட பழைய ஸ்ட்ராவில் ஜூஸ் குடித்துப் பாருங்கள், அதே கதைதான். உறிஞ்சும் பக்கத்தில் இருக்கும் ஹோஸ் பழையதாகி உள்பக்கம் ஒட்டிக்கொள்வதும் உண்டு. வெளியே பார்த்தால் நன்றாகத் தெரியும். இன்ஜின் வேகம் எடுக்கும்போது மட்டும் சப்பென்று அமுங்கும். பெல்ட்டில் ஓடும் பம்ப் என்றால் பெல்ட் தளர்ந்திருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

இத்தனையும் சரி என்றால்தான் பம்பின் மூடியைத் திறக்க வேண்டும். இம்பெல்லரின் இறக்கைகளை எண்ண வேண்டும். ஒன்றிரண்டு உடைந்திருந்தால், புதியதைப் போட்டுவிட்டு மூடிவிடுவதில்தான் பலர் சறுக்குகிறார்கள். உடைந்த துண்டுகள் எங்கே? அவை காணாமல் போகவில்லை, தண்ணீரோடு போய் ஹீட் எக்ஸ்சேஞ்சரின் வாயிலிலோ ஏதாவது வளைவிலோ உட்கார்ந்திருக்கும். அவற்றை எடுக்கவில்லை என்றால் புது இம்பெல்லர் போட்டும் சூடு இறங்காது. ‘புது பார்ட்டே சரியில்ல’ என்று கடைக்காரருக்குத் திட்டு விழும்.

இன்னும் ஒன்று. இறக்கை எல்லாம் முழுசாக இருந்தும் தண்ணீர் வராமல் போகலாம். நடுவில் இருக்கும் உலோகத் துண்டிலிருந்து ரப்பர் பிரிந்துவிட்டால் ஷாஃப்ட் சுற்றும், ரப்பர் சும்மா நிற்கும். அல்லது அவுட்போர்டில் ஷாஃப்ட்டையும் இம்பெல்லரையும் இணைக்கும் சின்னச் சாவி தேய்ந்திருக்கும். மூடித்தகட்டில் வட்ட வட்டமாகப் பள்ளம் விழுந்திருந்தாலும் உறிஞ்சும் சக்தி குறையும். பல பம்ப்களில் அந்தத் தகட்டைத் திருப்பிப் போட்டால் மறுபக்கம் புதுசு போலவே வேலை செய்யும். ஒரு பைசா செலவில்லாத இந்த வித்தை பழைய மெக்கானிக்குகள் எல்லோருக்கும் தெரியும்.

பேக்கிங் விஷயத்தில்தான் நம் ஊர் சாமர்த்தியம் நம்மையே கவிழ்க்கும். அசல் பேக்கிங் கிழிந்துவிட்டால், அட்டையை வெட்டிப் போட்டு ஒப்பேற்றுவார்கள். அட்டை கொஞ்சம் தடிமனாக இருந்தாலும் இம்பெல்லருக்கும் மூடிக்கும் நடுவே இடைவெளி வந்துவிடும். தண்ணீர் அந்த வழியாகவே சுற்றிக்கொண்டு இருக்கும், மேலே ஏறாது. கிரீஸ் தடவி மாட்டுவதும் அப்படித்தான். சாதாரண கிரீஸ் காலப்போக்கில் ரப்பரை ஊறவைத்துக் கெடுக்கும். சோப்புத் தண்ணீரோ கிளிசரினோ போதும்.

மாற்று இம்பெல்லரே இல்லை, கரை தூரம் என்றால்? வேறு மோட்டாரில் ஓடும் பம்ப் ஒன்று படகில் இருந்தால், அதன் குழாயை இன்ஜினின் கடல்நீர் வழியில் இணைத்து மெதுவாகக் கரை சேர முடியும். இது அவசரத்துக்கான வழி. பேட்டரியும் அந்தப் பம்பும் தாங்கும் வரைதான்.

61 நாள் மடங்கிக் கிடந்த ரப்பர்

தமிழகத்தின் கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். காசிமேட்டில் இருந்து ராமேஸ்வரம், தூத்துக்குடி வரை படகுகள் கரையில் நிற்கும். பெயின்ட் அடிப்பார்கள், ஃபைபர் ஒட்டுவார்கள், வலை பின்னுவார்கள், இன்ஜினையும் பிரித்துப் பார்ப்பார்கள். படகுகளுக்கு இது சர்வீஸ் சீசன்.

இதில் ஒரு முரண் இருக்கிறது. இம்பெல்லர் ஓடுவதால் தேயும் என்பது எல்லோருக்கும் தெரியும். சும்மா கிடந்தாலும் கெடும் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. இன்ஜினை நிறுத்தும் அந்தக் கணத்தில் எந்த இறக்கை மேட்டில் மடங்கி இருந்ததோ, அது 61 நாளும் அப்படியே மடங்கிக் கிடக்கும். ஏப்ரல், மே வெயிலில் ரப்பர் காய்ந்து, அந்த வளைவையே தன் வடிவமாக எடுத்துக்கொள்ளும். தடை முடிந்து முதல் நாள் ஸ்டார்ட் செய்யும்போது அந்த இறக்கை நிமிராது, அல்லது அடிப்பாகத்தில் கீறல் விடும். துறைமுகத்துக்குள் தண்ணீர் சுமாராக வரும். முழு வேகத்தில் சில மணி நேரம் ஓடிய பிறகுதான் இறக்கை கழன்று விழும். அப்போது படகு எங்கே இருக்கும்?

ஜூன் நடுவில் தென்மேற்குக் காற்று வலுத்திருக்கும். பாக் விரிகுடாவில் இன்ஜின் நின்ற ஒரு படகை அந்தக் காற்று தள்ளும் திசை வடகிழக்கு. எல்லைக்கோடு இருப்பதும் கிழக்கேதான். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவே உள்ள கடல் சுமார் 30 கிலோமீட்டர். இந்தியாவும் இலங்கையும் 1974-ல் பாக் நீரிணைக்கும், 1976-ல் மன்னார் வளைகுடாவுக்கும் போட்ட ஒப்பந்தங்களில் வரைந்த கோடு அந்தக் குறுகிய கடலில்தான் ஓடுகிறது. நங்கூரம் பிடித்தால் தப்பிக்கலாம். பாக் விரிகுடா ஆழம் குறைந்தது என்பதால் அதற்கு வாய்ப்பும் உண்டு. பிடிக்காவிட்டால், விடியும்போது படகு வேறு நாட்டில் இருக்கும்.

இங்கே ஒரு உண்மையையும் சொல்லியாக வேண்டும். எல்லை தாண்டும் எல்லாப் படகும் இன்ஜின் பழுதாகித் தாண்டுவதில்லை. மீன் இருக்கும் இடம் தேடித் தெரிந்தே போகும் படகுகள் உண்டு. இழுவை மடி மீன்பிடிப்பை இலங்கை 2017-ல் சட்டம் போட்டுத் தடை செய்தது. தமிழகத்தின் இழுவைப் படகுகளால் தங்கள் வலைகள் அறுபடுகின்றன என்று யாழ்ப்பாணம், மன்னார் பகுதித் தமிழ் மீனவர்களே பல ஆண்டுகளாகக் குமுறி வருகிறார்கள். பிடிபட்டால் ‘இன்ஜின் ரிப்பேர், காத்து தள்ளிருச்சு’ என்று சொல்வதும் நடக்கிறது. இந்தச் சாக்கு எத்தனை முறை சொல்லப்படுகிறதோ, அத்தனை முறையும் உண்மையிலேயே இன்ஜின் நின்றுபோன ஒரு படகின் பேச்சு எடுபடாமல் போகிறது. பொய்க்கும் மெய்க்கும் ஒரே வாக்கியம்! உண்மையில் பழுதானவருக்கு இதைவிடப் பெரிய அநியாயம் என்ன இருக்க முடியும்?

காசு யாருடையது, உயிர் யாருடையது?

‘மீனவர்களுக்கு விழிப்புணர்வு இல்லை’ என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போவது எளிது. அது தவறு. கரையில் நிற்கும் எந்த டிரைவரைக் கேட்டாலும் இம்பெல்லர் பற்றி இந்தக் கட்டுரையைவிட நன்றாகவே சொல்வார். தெரியாததால் மாற்றாமல் விடுவதில்லை. மாற்றாமல் விடுவதற்குக் காரணம் கணக்கு.

இம்பெல்லரின் விலை இன்ஜினைப் பொறுத்து சில நூறு ரூபாயில் இருந்து சில ஆயிரம் ரூபாய் வரை போகும். விசைப்படகில் டீசல், ஐஸ் செலவைக் கழித்துவிட்டு, மீதி வருமானத்தை உரிமையாளரும் தொழிலாளர்களும் பங்கு பிரிப்பது வழக்கம். இன்ஜின் பராமரிப்பு பெரும்பாலும் உரிமையாளர் பொறுப்பு. தடைக்காலம் முடியும் நேரத்தில் அவர் கையில் காசு இருக்காது. இரண்டு மாதம் வருமானம் இல்லை. பெயின்ட், வலை, டீசல் என எல்லாம் கடனில் ஓடுகிறது. ‘போன வருஷம் போட்டது நல்லாத்தானே இருக்கு, ஒரு மாசம் ஓடட்டும்’ என்று தோன்றுவது மனித இயல்பு. அப்படித் தள்ளிப்போடுபவர் பல நேரம் கரையில் இருப்பார். இன்ஜின் நிற்கும்போது படகில் இருப்பவர்கள் தினப்பாட்டுக்கு ஏறிய தொழிலாளர்கள். படகு மீட்கப்பட்டாலும் அந்தப் பயணத்தின் பங்கு அவர்களுக்குப் பூஜ்ஜியம். கைதானால் குடும்பத்தின் மாதங்களே பூஜ்ஜியம்.

உரிமையாளரை வில்லனாக்கிவிட்டு ஒதுங்கவும் முடியாது. ஒரே ஒரு ஃபைபர் படகு வைத்திருப்பவர், தானே உரிமையாளர், தானே டிரைவர். அவருக்குத் தன் உயிரின் மீது அக்கறை இல்லையா என்ன? அவர் படகை அலையடிக்கும் மணற்கரையில் இருந்தே தள்ளி இறக்குகிறார், அங்கேயே ஏற்றுகிறார். ஒவ்வொரு முறையும் மோட்டார் மணலைக் கலந்து குடிக்கிறது. துறைமுகத்தில் கட்டியிருக்கும் படகைவிட அவருடைய இம்பெல்லர் சீக்கிரம் தேயும். மாற்றுவதற்கு மோட்டாரின் கீழ்ப்பகுதி முழுவதையும் கழற்ற வேண்டும். உப்பில் இறுகிய போல்ட் ஒன்று உடைந்தால் அன்றைய தொழில் அவ்வளவுதான். ‘தண்ணி வருதுல்ல, விடு’ என்பது அலட்சியத்தில் மட்டும் வரும் வார்த்தை கிடையாது.

இதற்கு நடுவே டூப்ளிகேட் தொல்லை வேறு. அசலும் நகலும் பார்வைக்கு ஒரே கறுப்பு ரப்பர். கடையில் வருடக்கணக்கில் கிடந்து காய்ந்த அசல், புது நகலைவிட மோசமாக இருக்கவும் கூடும். இறக்கையை விரலால் வளைத்துப் பார்த்து, அடிப்பாகத்தில் மயிரிழை விரிசல் தெரிகிறதா என்று பார்த்து வாங்குவதுதான் இப்போதைக்கு இருக்கும் ஒரே ‘தரச் சான்று’.

அரசு எண்ணுவதும் எண்ணாததும்

மீன்வளத் துறை தடைக்காலத்தில் விசைப்படகுகளை நேரில் ஆய்வு செய்கிறது. பதிவு எண், படகின் நீளம், இன்ஜினின் குதிரைத்திறன், உயிர்காப்புக் கவசம், தகவல் தொடர்புக் கருவிகள் ஆகியவற்றைச் சரிபார்க்கிறார்கள். படகு கரையில் இருக்கிறது, உரிமையாளர் இருக்கிறார், அதிகாரியும் வந்துவிட்டார். இந்த இடத்தில் ஒரே ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்டால் போதும்: ‘பம்ப் மூடியைத் திறங்க, மாற்று இம்பெல்லர் எங்கே?’

லைஃப் ஜாக்கெட்டை எண்ணுவது போல, ஒரு இம்பெல்லர், அதற்கான அசல் பேக்கிங், ஒரு பெல்ட், இரண்டு ஹோஸ் கிளிப் கொண்ட ஒரு சின்ன டப்பாவையும் எண்ண வேண்டும். எண்ணினால் மட்டும் பத்தாது, கொடுக்கவும் வேண்டும். வெளிப்பொருத்தும் இயந்திரத்துக்கும் டீசலுக்கும் மானியம் தரும் அரசு, அந்த இயந்திரத்தை உயிரோடு வைக்கும் ரப்பர் சக்கரத்துக்குத் தர முடியாதா? மொத்தமாகக் கொள்முதல் செய்து, மீனவர் கூட்டுறவுச் சங்கங்கள் மூலம் விற்றால் டூப்ளிகேட் தொல்லையும் பாதி குறையும்.

ஒப்பிட்டுப் பாருங்கள். மீன்பிடிப் படகுகளுக்கான தகவல் தொடர்புத் திட்டத்தைப் பிரதமர் 2024 ஆகஸ்ட்டில் தொடங்கிவைத்தார். கடலோர மாநிலங்கள், யூனியன் பிரதேசங்கள் 13-ல் ஒரு லட்சம் படகுகளுக்கு டிரான்ஸ்பாண்டர், சுமார் ரூ.360 கோடி செலவு. நல்ல திட்டம். ஆபத்தில் இருக்கும் படகு எங்கே இருக்கிறது என்று கரைக்குத் தெரியும், புயல் வருகிறது என்று படகுக்குத் தெரியும். 2017-ல் ஒக்கி புயலின்போது அப்படி ஒன்று இல்லாததன் வலி கன்னியாகுமரிக்குத் தெரியும். ஆனால் இன்ஜின் நின்ற படகுக்கு டிரான்ஸ்பாண்டர் என்ன செய்யும்? அது எவ்வளவு வேகமாக எல்லையை நோக்கி நகர்கிறது என்று துல்லியமாகக் காட்டும். நகராமல் தடுக்க அதனால் முடியாது.

‘ஏற்கெனவே ஆய்வு என்ற பெயரில் இழுத்தடிக்கிறார்கள், இன்னொரு விதி வேறயா?’ என்று மீனவர்கள் கேட்டால் அதில் நியாயம் உண்டு. இம்பெல்லர் இல்லை என்பதற்காகப் படகைக் கடலுக்கு விடாமல் நிறுத்தினால், ஆய்வன்று மட்டும் காட்ட பக்கத்துப் படகில் கடன் வாங்கிய இம்பெல்லர்தான் கைமாறிக்கொண்டே இருக்கும். லைஃப் ஜாக்கெட் விஷயத்தில் கண்ட கதைதான். அதனால் இதை அபராதத்தோடு கட்டாமல், ஆய்வன்றே டப்பாவைக் கையில் கொடுத்து, மாற்றிய தேதியைப் படகின் கோப்பில் குறித்துவிட்டுப் போவதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும். தேதி இருந்தால் அடுத்த ஆண்டு யாரும் யோசிக்க வேண்டியதில்லை.

இன்னொரு பலனும் அந்தத் தேதியில் இருக்கிறது. எல்லையில் பிடிபட்ட படகு ‘பழுது’ என்று சொல்லும்போது, பராமரிப்புப் பதிவு ஒன்று இருந்தால் பேச ஏதோ ஒரு ஆதாரம் இருக்கும். வழக்கே தீர்ந்துவிடும் என்று சொல்ல முடியாது. வெறும் வாய்ப்பேச்சைவிட மேல்.

பயிற்சிக்கு இடமில்லை என்றும் சொல்ல முடியாது. மீன்பிடிக் கலங்களுக்கான டிரைவர்களையும் இன்ஜின் பணியாளர்களையும் உருவாக்கும் மத்திய அரசின் ‘சிஃப்நெட்’ நிறுவனத்துக்குக் கொச்சி தலைமையிடம், சென்னையிலும் ஒரு கிளை இருக்கிறது. தடைக்காலத்தில் இரண்டு மாதம் கரையில் இருக்கும் இளைஞர்களுக்கு, மீன் இறங்கு தளத்திலேயே அரை நாள் போதும். ஒரு பழைய பம்ப், நாலு ஸ்பேனர், ஊருக்கு ஊர் இருக்கும் மெக்கானிக் அண்ணன் ஒருவர். பம்பைக் கழற்றி மாட்டத் தெரிந்தவர் படகுக்கு ஒருவராவது கூடுதலாக இருந்தால், டிரைவர் வலையில் மும்முரமாக இருக்கும் நேரத்திலும் அந்த நீர்த்தாரையை இன்னொரு ஜோடிக் கண் பார்க்கும்.

படகில் போகும் யாராவது உங்கள் காண்டாக்ட் லிஸ்ட்டில் இருந்தால், அனுப்பிவைக்க ஒரு எண்: 1554. இந்தியக் கடலோரக் காவல் படையின் தேடுதல், மீட்புக்கான கட்டணமில்லா எண். செல்போன் சிக்னல் கிடைக்காத தூரத்தில், விஎச்எஃப் வயர்லெஸ்ஸில் சேனல் 16. தண்ணீர் நின்று, மாற்று இம்பெல்லரும் இல்லை என்றால், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து, முதலில் நங்கூரத்தைப் போட்டுவிட்டு, படகு நகர்வதற்கு முன்பே கூப்பிட வேண்டும். நகர ஆரம்பித்த பிறகு கூப்பிடுபவர்கள்தான் அதிகம்.